கழுத்தை எப்போது ஒட்டுவது

ஜனவரி 9

தம்பிக்கு,

இது சமாதானம் பேச வந்த கடிதம் இல்லை. உறையைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்திருந்தால் கொஞ்சம் சுருக்கிக்கொள். எனக்கு ஒரு விவரம் வேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். காகிதத்தில் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது.

கம்பெனி என்னை வெளியே அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. இந்த ஊரில் மூன்று தொழிற்சாலைகளில் ஏறி இறங்கினேன். மூன்றிலும் என் பெயரைக் கேட்டார்கள், உள்ளே போனார்கள், வெளியே வந்து ஆள் தேவையில்லை என்றார்கள். 'ஆட்கள் தேவை' என்ற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டே சொன்னார்கள். வேலைக்கு எடுக்கக் கூடாதவர்கள் என்று நம் கம்பெனி போட்ட பட்டியல் எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது.

கடைசியாக, கிட்டாரும் வயலினும் பழுதுபார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் அதைத் தேடுகிற ரகம். பின்னறையில் ஒரு வேலை மேசை காலியாக இருக்கிறது. கம்பெனியில் என்ன செய்தாய் என்று கேட்டார். கிட்டாரின் விளிம்பில் பட்டை ஒட்டினேன், எட்டு வருஷம் என்றேன். அதற்கு முன்னால்? பட்டை. அதற்கும் முன்னால்? பட்டைதான். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உனக்குக் கிட்டார் செய்யத் தெரியாது. மே மாசம் முடியறதுக்குள்ள ஒரு ஆர்ச்டாப் செஞ்சு எடுத்துட்டு வா. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உன் கையால. அதுவரைக்கும் அந்த மேசைய யாருக்கும் தரமாட்டேன்."

நாம் செய்ததும் ஆர்ச்டாப் தானே. வயலின் போல மேல்பலகை குவிந்து நிற்கும் கிட்டார். எத்தனை ஆயிரம் என் கையைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றைக்கூட முதலிலிருந்து கடைசி வரை நான் பார்த்ததில்லை. இரண்டு ரூம் தள்ளி என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால், நாம் 'விசில்' என்று கூப்பிடுகிற அந்த ஆள் வாயில் விசிலோடு வந்து நிற்பான். சூப்பர்வைசர் வேலைக்கு அவனுக்கு இருந்த ஒரே தகுதி அந்த விசில்தான்.

நினைவிலிருந்து ஒன்பது ரூம்களையும் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதே வரிசையில் செய்யப் போகிறேன். கழுத்து ரூம் உன்னுடையது. கழுத்து உடம்பிலிருந்து பின்னால் எத்தனை டிகிரி சாய வேண்டும்? அந்த நம்பர் மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு டிகிரி.

இதோடு நிறுத்தினால் நீ சொன்னபடி நடந்த மாதிரி இருக்கும். ஆனால் நான் என்றைக்கு நீ சொன்னபடி நடந்தேன்?

நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆறு வருஷமாகக் கழுத்து பொருத்துகிறேன். அது வந்து உட்காருகிற உடம்பை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அதனால் இந்த வாரம் நான் வயிற்றுப்போக்குக்காரன் ஆகிவிட்டேன். தூரத்துக் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் ஒவ்வொரு ரூமாக நுழைந்து கேட்டேன். மேல்பலகை ரூம் ஆட்கள், வெளிப்பக்கக் குவிவை முழுசாக முடித்துவிட்டுத்தான் உள்ளே குடைய வேண்டும் என்கிறார்கள். உள்ளே முதலில் குடைந்தால் வெளியே செதுக்கும்போது எங்கே எவ்வளவு மரம் மிச்சம் என்று தெரியாதாம். சத்தம் வெளியே வர எஃப் வடிவில் வெட்டும் துளை அதன் பிறகு. உள்ளே நீளவாக்கில் ஒட்டும் இரண்டு சட்டங்களும் அதற்குப் பிறகுதான். விசில் என்னைக் கூப்பிட்டு, வயிறு சரியில்லை என்றால் லீவு போடு, சுற்றுலா போகாதே என்றான்.

அக்கா, கழுத்தை மட்டும் நான் செய்து பார்சலில் அனுப்பட்டுமா? கழிவு மரத்தில் நல்ல மேப்பிள் துண்டு ஒன்று இருக்கிறது. உனக்குப் பழக்கமில்லாத வேலை.

என் பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். உன் மூக்கு. பாவம்.

அந்தக் காகிதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு ஜூன் மாதம் வரும் என்கிறார்கள். முதலில் அது வரட்டும். அதன் பிறகு நானே போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

கழுத்து அனுப்பாதே. வந்தால் அடுப்பில் வைப்பேன்.

என் இடம் ஒரு தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை. ஜன்னல் ஒன்று, மேசை ஒன்று, படுக்கை மேசைக்குக் கீழே. மரத்தூள் தைக்கிற துணியில் படிகிறது என்று தையல்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். மூன்றாவது தடவை வந்தபோது கையில் அரத்தைக் கொடுத்தேன். அரை மணி நேரம் ராவிக்கொண்டு நின்றார். அதிலிருந்து புகார் இல்லை. எனக்கு 'மரங்கொத்தி' என்று பெயர் மட்டும் வைத்துவிட்டார்.

மேல்பலகையின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, வெளிப்பக்கம் செதுக்குகிறேன். கம்பெனியில் இதை மெஷின் ஏழு நிமிஷத்தில் முடிக்கும். எனக்குப் பத்து நாளாகிவிட்டது. உள்ளங்கையில் தோல் உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரிந்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் முடித்தது உன் வேலையைத்தான். கழுத்தின் அடிப்பக்கத்தையும், உடம்புக்குள் வரப்போகும் கட்டையில் அது போய் உட்காரும் காடிப் பள்ளத்தையும் நாலு டிகிரிக்கு அறுத்து வைத்துவிட்டேன். எதற்குப் பயமோ அதை முதலில் முடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவிர, நம் கம்பெனியில் கழுத்து எப்போதுமே வேறு கட்டடத்திலிருந்து தயாராகத்தானே வரும்?

இப்போது உன் வரிசைக்கு வருகிறேன். முதலில் நிரந்தரம், பிறகு உண்மை. நன்றாக இருக்கிறது. வார்னிஷ் ரூமில் நெட்டை மயங்கி விழுந்தாள். காற்றை வெளியே தள்ளும் விசிறி மூன்று நாளாக ஓடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஓடிப்போய்ச் சிவப்பு விசையை அழுத்தி லைனை நிறுத்தினேன். நீ எனக்குப் பின்னால் நின்றாய். அவள் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தவனே நீதான். அப்புறம் 'யாரும் மயங்கி விழவில்லை, காரணமில்லாமல் உற்பத்தி நிறுத்தப்பட்டது' என்று அவர்கள் அடித்துக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். அதைக் காட்டித்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். நெட்டைக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. அவளும் வேலையில் இல்லை. உன் வரிசையில் அவள் எத்தனையாவது இடத்தில் வருகிறாள் என்று சொல்.

இனி எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

திட்டியதெல்லாம் சரி.

ஆனால் இதை உடனே படி. கழுத்தை ஒட்டிவிடாதே. நாலு டிகிரி என்பது நம் மெஷின் செதுக்கும் மேல்பலகைக்கான நம்பர். அந்தப் பலகை விளிம்பிலிருந்து பதினாறு மில்லிமீட்டர் உயரும். ஒவ்வொன்றும் அதே பதினாறு. அதனால்தான் கழுத்தை எங்கோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே அறுக்க முடிகிறது. நான் உன்னிடம் நம்பரைத்தான் சொன்னேன், அது எதிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நீ எழுதிய பிறகுதான் நானே யோசித்தேன்.

உன் பலகை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது? கையால் செதுக்கியது பதினாறாக இருக்க வாய்ப்பே இல்லை. உயரம் கூடினால், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே, கம்பியைத் தாங்கும் குதிரைக் கட்டை நிற்க இடம் இருக்காது. உடம்பை முழுசாக மூடு. நீளமான நேர்கோல் ஒன்றை அதன்மேல் வைத்து, குதிரை நிற்கும் இடத்தில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார். அங்கிருந்து திரும்பி வந்து கழுத்தின் சாய்வை முடிவு செய். கழுத்து உடம்புக்குப் பிறகுதான்.

என்னிடம் பேச வேண்டாம். அளவை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுது.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதம் பிப்ரவரி பதினேழாம் தேதி வந்தது. நேற்றுத்தான் பிரித்தேன். இத்தனை நாளும் ஜன்னல் திண்டில் கிடந்தது. அதன் மேலேயே வச்சிரப் பசைக் கிண்ணத்தை வைத்து வேலை செய்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பலகைகள் முடிந்தன. பக்கப்பலகையைச் சூடான குழாயில் வளைத்தேன். முதலாவது முறிந்தது, இரண்டாவது வளைந்தது. உடம்பை மூடினேன். விளிம்புப் பட்டை ஒட்டினேன். அன்றைக்கு ஒரு நாள்தான் கை தானாக ஓடியது. வந்து பார்த்தால் நீயே வாயைப் பிளப்பாய், மூட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திமிரிலேயே மறுநாள் கழுத்தையும் ஒட்டினேன். காடியில் போட்டு அழுத்தியதும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தையல்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

விரல்பலகையும், அதில் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பிகளும் முடிந்த பிறகு, தலையிலிருந்து வால் வரை ஒரு நூலைக் கட்டிப் பார்த்தேன். குதிரை நிற்க இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும். இருந்தது ஒன்றரைக்கும் கொஞ்சம் மேல். கோலை வைத்து அளந்தேன், ஆளை மாற்றி அளக்கச் சொன்னேன். தையல்காரர் துணி அளக்கும் நாடாவைக் கொண்டுவந்து அதே கணக்கைத்தான் சொன்னார். அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது.

என் மேல்பலகை இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரம் வந்திருக்கிறது. செதுக்கும்போது, இன்னும் ஒரு இழை எடுத்தால் உள்ளே குடையும்போது ஓட்டையாகிவிடுமோ என்று பயந்து பயந்து மரத்தை விட்டிருக்கிறேன். என் பயத்தின் உயரம் ஒன்பது மில்லிமீட்டர்.

ஒருத்தன் அனுப்பிய கடிதத்தைக் கோபத்தில் பிரிக்காமல் வைத்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? கிட்டார் என்னுடையது. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீயே ஊகித்துக்கொள்.

கம்பெனியில் இப்படி ஒன்று கடைசி ரூமுக்கு வந்தால் ரம்பத்தை எடுத்து நடுவில் அறுத்துக் கழிவில் போடுவார்கள். நான் போட மாட்டேன். இன்னொரு பலகை செதுக்க நாளும் இல்லை. ஒட்டிய கழுத்தை எடுக்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் எப்படி?

அக்கா

மார்ச் 23

அக்கா,

முடியும்.

முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மேல்பலகையை வெளியிலிருந்து சீவி உயரத்தைக் குறைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். உன் பலகையின் கனமே ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒன்பது சீவினால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவாய்.

கழுத்தை எடுப்பது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. போன வாரம் கழிவுக்குப் போகவிருந்த உடம்பு ஒன்றைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தேன். வாசலில் காவலாளி என்ன அது என்றார். விறகு என்றேன். விறகுதான் என்றார் அவரும். சமையலறையில் வைத்து முயன்று பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டி குக்கர் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு தடவை மரம் பிய்ந்தது. மூன்றாவது தடவை வந்தது.

கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு மேலே ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கு. அந்தக் கோட்டில் காடி வரை இறங்கும்படி சின்னத் துளை போடு. குக்கரில் தண்ணீர் கொதிக்கட்டும். வெயிட்டைப் போடாதே, அந்த இடத்தில் ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஊசி. ஆவியை உள்ளே விடு. பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, நீ என்னைத் திட்டுவாய். அப்புறம் பசை இளகும். கழுத்தின் அடியை உள்ளங்கையால் கீழிருந்து தள்ளு. சுத்தியல் தொடாதே. உன் குணத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே வந்ததும் ஒரு வாரம் காய விடு. பிறகு கழுத்தின் அடிப்பக்கத்தில், கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் சீவு. ஒவ்வொரு சீவலுக்கும் ஒட்டாமல் பொருத்திப் பார். நம்பர் கேட்காதே, இந்தத் தடவை நான் தர மாட்டேன். உன் பலகையைக் கேள்.

இன்னொன்று. வார்னிஷுக்கு முன்னால் கம்பி கட்டு. நம் கம்பெனியில் கம்பி ஒன்பதாவது ரூம். அங்கே சத்தம் மொண்ணையாக இருந்தாலும் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பினால் முந்தின ரூமில் தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி. எட்டு வருஷத்தில் ஒரு கிட்டாராவது பின்னால் போய் நீ பார்த்தாயா? பச்சை மரமாக இருக்கும்போதே கேட்டுப் பார்த்து, விளிம்போரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டு. உன் அருமைப் பட்டையில் படாமல்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

வந்துவிட்டது.

பதின்மூன்று நிமிஷம் ஆயிற்று. பதினோராவது நிமிஷத்தில் உன்னைத் திட்டினேன். தையல்காரர் உடம்பைப் பிடித்துக்கொண்டார், நான் தள்ளினேன். பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் ஒரு விரல் நகம் அளவுக்கு மரம் பிய்ந்துவிட்டது. ஆவி பட்ட இடத்தில் மேப்பிள் வெளிறிப்போயிருக்கிறது. பிய்ந்த இடத்தில் துண்டு வைத்து ஒட்டினேன். கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும்.

சீவினேன், பொருத்தினேன், கோல் வைத்தேன். பதினேழு தடவை. சீவியதில் காடி தளர்ந்ததால் இருபக்கமும் காகிதம் போல மெல்லிய மரச்சீவல் ஒட்டி இறுக்கினேன். இப்போது குதிரைக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர். டிகிரியில் எவ்வளவு என்று அளக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் கம்பி கட்டினேன். முதல் சத்தம் தகர டப்பாவுக்குள் யாரோ தும்மியது போல இருந்தது. கீழ்க்கம்பிகள் மட்டும் பேசின, மேலே மூன்றும் ஊமை. கம்பியைத் தளர்த்தி, விளிம்போரமாகச் சுரண்டி, மறுபடி ஏற்றினேன். நாலு நாள் இதே வேலை. நேற்றுத்தான் மேல்கம்பிகளின் சத்தம் திறந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவருக்குச் சங்கீதம் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் அதே கம்பியை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டு நின்றோம்.

நெட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நிற்கிறாள். தொழிலாளர் அலுவலகத்தில் அவள் கொடுத்த மனு மே மாதம் முதல் வாரம் விசாரணைக்கு வருகிறது. கம்பெனி கையில் இருக்கும் ஒரே சாட்சி உன் காகிதம். ஜூன் மாதம் நீ நிரந்தரமாகி, அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கழுத்தை எடுத்த கதையை இவ்வளவு விரிவாக உனக்கு எழுதியது வெறும் கிட்டாருக்காக என்று பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா

மே 7

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன், பாப்பா மடியில் இருக்கிறாள், பேனாவைப் பிடுங்குகிறாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நெட்டை வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி என் பழைய காகிதத்தைப் படித்துக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்றார். கையெழுத்து என்னுடையது, அதில் இருப்பது பொய் என்றேன். கம்பெனி வக்கீல், அப்போது பொய் சொன்னீர்களா இப்போது சொல்கிறீர்களா என்று மடக்கினார்.

"அப்பத்தான் சார் பொய் சொன்னேன். அவங்க தலைய இந்தக் கையாலதான் தூக்கினேன்."

அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் கழுத்து ரூமில் என் இடத்தில் வேறு ஆள் நின்றான். என்னை லாரியில் ஏற்றும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜூன் உத்தரவைப் பற்றி இனி யாரும் பேசப் போவதில்லை. கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று என் பெண்டாட்டி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பெட்டியைக் கட்டிக்கொண்டே, உங்க அக்கா கிட்டார் என்னாச்சு என்றாள்.

என்னாச்சு? வார்னிஷ் அடித்துவிட்டாயா? அது காய ஒரு மாதம் ஆகுமே.

தம்பி

மே 31

தம்பிக்கு,

வார்னிஷ் அடிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று டப்பாவைத் திறந்து, தூரிகையையும் நனைத்துவிட்டேன். அடித்தால் வெளிறிய இடமும் ஒட்டுப்போட்ட இடமும் கொஞ்சம் மறையும். ஆனால் காயாத வார்னிஷோடுதான் எடுத்துப்போக வேண்டியிருக்கும். சத்தமும் அமுங்கிவிடும். அடிக்காமல் போனால் எல்லாம் தெரியும், ஆனால் சத்தம் நான் திறந்துவைத்தபடியே இருக்கும். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, பச்சை மரமாகவே இன்று காலை எடுத்துப்போனேன். தையல்காரர் கோட் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தார்.

கடைக்காரம்மா வாசிப்பதற்கு முன் ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். கழுத்தடிக்கு வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியைத் தேடினார். தலையில் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

"கழுத்த ஏன் எடுத்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். முதலிலேயே அறுத்தது, ஒன்பது மில்லிமீட்டர், மூன்று வாரத்துக்கு மேல் பிரிக்காத கடிதம், குக்கர், பதினேழு தடவை. வரிசையை என் தம்பியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், உளியும் அரமும் பிடித்தது மட்டும் என் கை என்றும் சொன்னேன். முழுசாக உன் கையால் என்று அவர் கேட்டிருந்தார், அதனால் அதையும் மறைக்கவில்லை. அவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மேல்கம்பிகள் கடை முழுக்கக் கேட்டன. தெருவில் போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தினான்.

"சத்தம் பரவால்ல. வளைவு கூனல் மாதிரி இருக்கு, அடுத்ததுல கொறை. ஆனா இங்க வர்றதெல்லாம் யாரோ ஒட்டிட்டுப் போனதுதான். பிரிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும். நாளைக்கு எட்டு மணிக்கு வா. ரெண்டு கழுத்து காத்துக் கிடக்கு."

வெளியே வந்து மூன்று தெரு நடந்த பிறகுதான் கிட்டாரை அங்கேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால், அது சுவரில் மாட்டியிருந்தது. இருக்கட்டும் என்றார்.

நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். அறை சின்னதுதான். வேலை கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, உன் பெயரும் இப்போது பட்டியலில் ஏறியிருக்கும். ஆனால் இந்த ஊரில் கிட்டார்கள் இருக்கின்றன, கழுத்துகள் தளர்கின்றன. நெட்டையின் மனுவில் தீர்ப்பு வரும் வரை நீ திரும்ப அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும், பஸ்ஸில் நான்கு மணி நேரம்தான்.

என் மேசையைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல கனமான பலகை, ஜன்னல் வெளிச்சம் இடமிருந்து வருகிறது. ஆனால் பின்னங்கால் ஒன்று ஆடுகிறது. ஆடுகிற மேசையில் கழுத்தை எடுத்தால் மரம் பிய்யும். நாளைக்கு ஏழரைக்கே போய்விடுவேன். முதலில் அந்தக் கால், பிறகுதான் கழுத்து.

அக்கா